மூன்றாவது தாள்

கொருக்குப்பேட்டை
8 ஜூன் 2025

என் மகள் செங்கொடிக்கு,

உன் நைனா மண்ணாங்கட்டி எழுதுவது. நானே எழுதுவது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் அம்மாவும் சுகம். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு. நடுவில் இரண்டு தாள் கிழிந்துபோனது. அழுத்தி எழுதுகிறேனாம். முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைக்குப் பேனா கனமே தெரியவில்லை என்று டீச்சர் மகிழினி சிரிக்கிறார். அரசாங்கம் நடத்தும் எழுத்தறிவு வகுப்பில் பரீட்சை எழுதி நான் தேறிவிட்டேன். சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. நானே படித்தேன்.

ரேஷன் கடையில் பையன் மசி டப்பாவை நீட்டினான். தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் நீளம். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். பாங்கிலும் அப்படித்தான். முன்பெல்லாம் கைநாட்டு வைக்குமுன் கிளார்க் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுவார், கீழே "படித்துக் காட்டப்பட்டது" என்று எழுதுவார். இப்போது யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

மாடி அறையில் இருக்கும் ஃபிர்தௌஸ் நல்ல மாதிரி. கன்டெய்னர் யார்டில் வெல்டிங் வேலை. அவன் பெண்டாட்டி ஜன்னத்துக்கு இது ஐந்தாம் மாதம். காசிமேட்டில் இறால் உரிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். நர்ஸம்மா வந்து நம் வீட்டு விலாசத்தில் பதிவு செய்து கர்ப்பிணி எண் கொடுத்துவிட்டுப் போனார்.

போன் பண்ணாதே. எழுது. போனில் உன் அம்மா ரமாபாய் பிடுங்கிப் பேசிவிடுகிறாள். இப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னாய்யா, நாலு நாளா ஒரே கடுதாசிய உயுதுகினு கீற?" என்கிறாள்.

உன் நலத்தையே நினைக்கும்
நைனா மண்ணாங்கட்டி


ஓசூர்
17 ஜூன் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலி, அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கின்றன?

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கழிவறைக்குப் போய்ச் சற்று நேரம் அழுதுவிட்டு வந்தேன். தொழிலாளர் துறையில் பதினோரு வருஷம் இருந்தும் இப்படி ஒரு தபால் எனக்கு வந்ததில்லை.

ஒரு நல்ல செய்தி. வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் வேலையில்தான் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். முகவரிச் சான்று இல்லாமல் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தாலே ஏற்றுக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் நான் வாதாடினேன். இப்போது சுற்றறிக்கையே வந்துவிட்டது. இங்கே பிழைக்க வந்தவனை இந்த ஊர்க்காரனாக ஆக்குவதற்கு மாநில அரசால் முடிந்தது இவ்வளவாவது இருக்கட்டும். இனி வீட்டுக்காரர் சொல்லுக்கு எடை உண்டு நைனா. ஃபிர்தௌஸுக்கு நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு வருஷம் முன் பொங்கலுக்கு நான் வந்திருந்தபோதுதானே அவர்கள் குடிவந்தார்கள்? அவனுடைய மேற்கு வங்காள வாக்காளர் அட்டையை நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். "மால்டாவா? அது எங்க கீது?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்
செங்கொடி


கொருக்குப்பேட்டை
20 ஜூலை 2025

என் மகள் செங்கொடிக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் கடிதத்தை நானே படித்தேன். "சுற்றறிக்கை" என்ற சொல்லில் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஃபிர்தௌஸுக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். பாதி எழுதியிருக்கிறேன். அவனுக்குப் பதிவுக்குப் போக லீவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் முடித்துவிடலாம்.

நம் தெருச் சங்கத்துச் செயலாளர் வரதன் போன வாரம் வந்தான். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது இல்லையா, அதற்கு மனு. தெருவே என் வாசலில் நின்றது. "மொத கையெழுத்து மண்ணாங்கட்டி மாமுதான் போடணும். பாஸ் பண்ண ஆளு" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று தாள். மூன்றிலும் போட்டேன். மூன்றாவது தாளில் எனக்கு மட்டும் தனியாக இடம் விட்டு, "வீட்டு உரிமையாளர்" என்று தட்டச்சு அடித்திருந்தான். அந்தச் சொல்லை இரண்டு தரம் படித்தேன். எனக்குப் போய் இவ்வளவு பெரிய சொல். மேலே இருந்ததைப் படிக்கத் தொடங்கினேன், "லாரி ஆபீஸ் மூடிடுவான் மாமு, சீக்கிரம்" என்றான். போட்டுவிட்டேன். எழுத்து ஒன்றுகூட வரிக்கு வெளியே போகவில்லை.

உன் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டாள்.

உன் முகம் காண ஆசையுடன்
மண்ணாங்கட்டி


ஓசூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அவசரமாக எழுதுகிறேன்.

இங்கே நிலைமை மாறிவிட்டது. எல்லா ஊர்களிலும் வங்காள மொழி பேசுகிறவர்களை விசாரித்து, எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் யார் என்று பட்டியல் கேட்கிறார்கள். நாங்கள் ஒரு மேசையில் பதிவு அட்டை கொடுக்கிறோம். அதே அரசாங்கத்தின் இன்னொரு மேசையில் அதே ஆளைச் சந்தேகப் பட்டியலில் எழுதுகிறார்கள்.

ஃபிர்தௌஸ் பதிவு முடிந்துவிட்டதா? தயவுசெய்து இந்த வாரமே முடியுங்கள்.

வரதனின் மனுவில் என்ன எழுதியிருந்தது? மூன்றாவது தாள் எதற்கு? படித்தீர்களா?

உடனே பதிலை எதிர்பார்க்கும்
செங்கொடி


கொருக்குப்பேட்டை
24 ஆகஸ்ட் 2025

மகள் செங்கொடிக்கு,

சுகம். மழை பெய்தது. ரயில்வே கேட் மூடினால் முக்கால் மணி நேரம் திறப்பதில்லை. சரக்கு ரயில் அதிகமாகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரை வாங்கிவிட்டேன்.

ஃபிர்தௌஸ் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான்.

வகுப்புக்கு இப்போது போவதில்லை. முட்டி வலி.

நைனா


ஓசூர்
1 செப்டம்பர் 2025

நைனா,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்று போன் செய்தேன். அம்மா எடுத்து, "உங்க நைனாவாண்ட கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் ஜன்னத் அழும் குரல் கேட்டது. ஃபிர்தௌஸின் போன் அணைந்திருக்கிறது. ஏழு மாதம் சுமந்திருக்கும் பெண்டாட்டியை விட்டு அவன் எந்த வெளியூருக்குப் போனான்?

உண்மையை எழுதுங்கள். பிழையாக இருந்தாலும் சரி.

செங்கொடி


கொருக்குப்பேட்டை
9 செப்டம்பர் 2025

என் மகள் செங்கொடிக்கு,

உடம்பு சுகம். மற்றது சுகமில்லை. இதை எழுத ஏழு நாள் ஆனது. கை ஓடியது, மனம் ஓடவில்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலை போலீஸ்காரர்கள் வந்து ஃபிர்தௌஸை விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். அவன் எல்லா அட்டையும் காட்டினான். வந்தவர் ஒரு தாளை எடுத்து, "இவன் குடிவரும்போது எந்தச் சான்றும் காட்டவில்லை, எந்த நாட்டவன் என்று தெரியாது, இவனை அப்புறப்படுத்தித் தரவும் என்று வீட்டுக்காரரே எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்த அட்டைகளெல்லாம் அப்புறம் வாங்கியவை" என்றார். தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கீழே என் கையெழுத்து. வரிக்கு வெளியே போகாத கையெழுத்து.

முதல் தாள் தண்ணீர் லாரிக்கு. இரண்டாவதில் தெருவாசிகளின் பெயர். மூன்றாவது அது.

வரதன் வீட்டுக்குப் போனேன். "இன்னா வரதா, தண்ணி லாரின்னு சொல்லி இன்னாத்துல கையெழுத்து வாங்கின?" என்றேன்.

"நான் இன்னா உன் கைய புட்சி போட வெச்சனா? நீதான் பேனாவ புடுங்கிப் போட்ட. பட்ச்ச மன்சன்தான மாமு நீ?"

"அவன் பொண்டாட்டி வாயும் வயிறுமா கீது வரதா."

"எம் புள்ள ஒரு வருசமா வேலையில்லாம வூட்ல குந்தினு கீறான். யார்டுல பாதிக் கூலிக்கு இவனுங்க வந்தா எவன் நம்ம ஆளக் கூப்புடுவான்? அத்த இன்னிக்கி வரைக்கும் எவனாவது வந்து விசாரிச்சானா?"

அவன் பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் அம்மா அன்று சோறு போடவில்லை. "கைநாட்டு வெக்கசொல்ல ஒவ்வொரு வரியும் பட்ச்சிக் காமிச்சானுங்க. கையெழுத்து கத்துகினதும் ஒருத்தனும் காமிக்கல. நீயும் பாக்கல. இதுக்குத்தான் ஸ்கூலுக்குப் போனியா?" என்றாள்.

ஃபிர்தௌஸையும் இன்னும் பதினான்கு பேரையும் மணலிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் எல்லைக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே தள்ளிவிட்டால் எந்தப் பக்கத்து ஆள் அவனை ஏற்பான்?

இதையும் எழுதிவிடுகிறேன். போலீஸ் வந்தபோது ஜன்னத் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், அவளுக்கு இது தெரியாது. வரதன் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று நினைக்கிறாள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் இறங்கி வந்து, "நைனா, உனக்குத்தான் எய்தத் தெரியுமே, எனக்கு ஒரு மனு எய்திக் குடு" என்கிறாள். எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஆறு மனு. ஒவ்வொன்றின் கீழும் அவள் விரலைப் பிடித்து உருட்டிக் கைநாட்டு வைக்கிறேன். வைக்குமுன் முழுதும் படித்துக் காட்டுகிறேன்.

பதினெட்டாம் தேதி வீட்டுக்காரன் விசாரணைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

தலை குனிந்திருக்கும்
மண்ணாங்கட்டி


ஓசூர்
13 செப்டம்பர் 2025
விரைவுத் தபால்

அன்புள்ள நைனாவுக்கு,

பயப்படாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு உங்கள் மேல் வழக்கு வரலாம். அது வராமல் இருக்க ஒரே வழிதான். அங்கே எழுத்தரிடம் போனில் பேசிவிட்டேன், ஒரு படிவம் வைத்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாது, பெயரை மட்டும் வரையப் பழகியிருக்கிறேன், என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். கைநாட்டு வையுங்கள். அந்த மூன்றாவது தாள் செல்லாமல் போய்விடும். வகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம். சான்றிதழைச் சுவரிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். வேறு எந்தக் கேள்விக்கும் தெரியாது என்பதே பதில்.

மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் நன்மையை மட்டும் நினைத்து எழுதும்
செங்கொடி


கொருக்குப்பேட்டை
21 செப்டம்பர் 2025

என் மகள் செங்கொடிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் அப்படி இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதை நாலு தரம் படித்தேன்.

பதினேழாம் தேதி ஜன்னத்திடம் சொல்லிவிட்டேன். கையெழுத்து என்னுடையது, படிக்காமல் போட்டேன் என்றேன். அவள் திட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்த மனுக்களின் நகலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "ஆறு நாள் என் வெரல புட்சிகினு இருந்தியே நைனா" என்றாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் போனேன். நீ சொன்ன படிவம் மேசையில் தயாராக இருந்தது. மசி டப்பாவும் இருந்தது. எழுத்தர், "வையுங்க பெரியவரே" என்றார். படித்துக் காட்டச் சொன்னேன். "அதான் பொண்ணு சொல்லியிருக்குமே" என்றார். அப்போது நான் தாளை என் பக்கம் திருப்பினேன். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்துப் படித்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ. பின்னால் நின்ற ஒருவன், "யோவ் பெர்சு, பரீட்சையா எய்துற? ஜல்தி" என்றான். "ஜல்தியா போட்டதாலதான்டா இங்க வந்து நிக்கிறேன்" என்றேன்.

முதல் வரி நீ எழுதியபடியே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டாவது வரியை நீ எனக்கு எழுதவில்லை. "மேற்படி நபர் யார் என்றோ, எந்த ஊர் என்றோ, என்ன சான்று வைத்திருந்தார் என்றோ எனக்கு எதுவும் தெரியாது."

அதில் விரலை வைத்தால் நான் தப்பிவிடுவேன். ஃபிர்தௌஸ் தப்ப மாட்டான். அவனுக்காகப் பேச வீட்டுக்காரன் என்று ஒருவனும் இருக்க மாட்டான். பதினோரு வருஷம் இந்த வேலை பார்ப்பவளுக்கு அது தெரியாமல் இருக்காது. நீ அந்த வரியை மறந்துபோய் விட்டுவிட்டாய் என்று நினைக்க ஆசையாக இருந்தது. நான்கு தரம் படித்தும் அப்படி நினைக்க முடியவில்லை.

வெள்ளைத் தாள் கேட்டேன். எழுத்தர் கொடுக்க மாட்டேன் என்றார். விசாரணை அதிகாரி ஒரு அம்மா. அவர் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். எனக்குப் படிக்கத் தெரியும், இந்த வருஷம்தான் கற்றேன், அன்று படிக்கவில்லை, தப்பு என்னுடையது. ஃபிர்தௌஸ் குடிவந்த அன்றே வாக்காளர் அட்டையைக் காட்டினான், மால்டா என்று அதில் இருந்தது. இதுதான் நான் எழுதியது. ஒன்றேகால் பக்கம். மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த அம்மா படித்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு முன்னால உங்களுக்குப் படிக்கத் தெரியாதே. மால்டான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"படிச்சிக் காட்டினாங்க" என்றேன்.

"யாரு?"

நீ அரசாங்க வேலையில் இருப்பவள். உன் பெயரைச் சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. "கேட்டுட்டு வந்து சொல்றேம்மா" என்றேன். முப்பதாம் தேதி வரை பொறுப்பதாகச் சொன்னார். அதுவரை அவன் மண்டபத்திலேயே இருப்பான்.

தாளில் அந்தப் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். எழுது என்று உன்னை நான் கேட்கவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

உன்னைப் பெற்றதில் என்றும் குறை காணாத
நைனா


ஓசூர்
3 அக்டோபர் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

பத்து நாள் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். போனையும் எடுக்கவில்லை. மன்னியுங்கள்.

இரண்டாவது வரி எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை முதன்முதலில் எழுதித் தந்த குழுவில் நானும் இருந்தேன். வெளியாட்கள் பெயரை வைத்து வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தோம். உங்களைக் காப்பாற்றத்தான் அதை உங்களுக்கு எழுதாமல் விட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. விசாரணை நடந்தால் அட்டையைப் படித்தது யார் என்ற கேள்வி வரும் என்று எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி லீவு போட்டுவிட்டுச் சென்னை வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. உங்களைப் பார்த்தால் முடியாமல் போய்விடும் என்று பயம். நேராக அந்த அம்மாவிடம் போய், படித்துக் காட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் விட்ட இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். உங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து அவசரமாக இருந்தது.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். வேலை போகாது என்கிறார்கள். போனாலும் பார்த்துக்கொள்வேன்.

அவனை விட்டுவிட்டார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதிலுக்குத் தவித்திருக்கும்
செங்கொடி


கொருக்குப்பேட்டை
26 அக்டோபர் 2025

என் மகள் செங்கொடிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான்கு பேர் இல்லை, ஐந்து பேர்.

ஃபிர்தௌஸ் நான்காம் தேதி வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். திங்கட்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கூட இருந்தவர்களில் ஆறு பேருக்கு வீட்டுக்காரர்கள் வரவே இல்லையாம். அவர்களை ரயில் ஏற்றிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். பதினைந்தாம் தேதி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. நர்ஸம்மா கொடுத்த எண் இருந்ததால் பிறப்புப் பதிவுக்கு யாரும் தடை சொல்லவில்லை. விலாசம் நம் வீடு.

ஃபிர்தௌஸ் என்னோடு பேசுகிறான். ஜன்னத் பேசுவதில்லை. உன் அம்மா பத்தியச் சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறாள். நான் படியேறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு உரிமை இருக்கிறது. வரதனும் தெருவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் பிள்ளையின் வேலைக்கு யாரிடம் மனு எழுதுவது என்று எனக்குச் சொல். அவன் என்னிடம் கேட்க மாட்டான். நானாக எழுதப் போகிறேன். எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.

நேற்று எனக்குச் சம்மன் வந்தது. பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு. தபால்காரர் தெருக்குழாய்ப் பக்கத்தில் வைத்து என்னிடம் கொடுத்தார். லாரி வந்த நேரம், எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். வரதன், "இன்னா மாமு, கவர்மெண்டு கடுதாசியா? குடு, நான் பட்ச்சி சொல்றேன்" என்று கை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கொடுக்கவில்லை. உறையைப் பிரித்தேன். அச்சில் என் பெயர், அப்பா பெயர், கதவு எண். உரக்கப் படித்தேன். சொல்லக் கூடாது, ஆனாலும் உனக்குச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நவம்பர் பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும் என்பது வரை வந்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு நீளமான சட்டச் சொல். இரண்டு தரம் முட்டிப் பார்த்தேன். வரவில்லை. சிரிப்பு பெரிதானது. தாளை மடிக்கப் போனேன்.

மேலே மாடிக் கைப்பிடிச் சுவரில் ஜன்னத் குழந்தையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இன்னாத்துக்கு நிறுத்தின நைனா? முய்சா பட்ச்சிடு."

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் லாரிக் குழாயை மூடவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

பதினொன்றாம் தேதிக்கு நீ வந்தால் நல்லது.

இப்படிக்கு
மண்ணாங்கட்டி
வீட்டு உரிமையாளர்